ஆன்-ரோடு விலையை ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள்

விளம்பரத்தில் எட்டு லட்சம் என்று பார்த்த கார், ஷோரூம் மேசைக்கு வந்ததும் பத்து லட்சத்தைத் தொட்டு நிற்கும். "சார், இதுதான் ஆன்-ரோடு. எல்லாம் சேர்த்துத்தான்" என்று விற்பனைப் பிரதிநிதி ஒரு தாளை நீட்டுவார். வீட்டில் எல்லோரும் கூடவே வந்திருப்பார்கள். பிள்ளைகள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. அந்த நேரத்தில் நம்மில் பலருக்கு வாயில் வருவது ஒரே வாக்கியம்தான்: "கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க தம்பி." அவரும் மேனேஜர் அறைக்குப் போய்விட்டு வந்து, "உங்களுக்காக இருபதாயிரம் வாங்கியிருக்கேன் சார்" என்பார். நமக்கும் சந்தோஷம். முன்பணம் கட்டிவிட்டு வருவோம்.

அந்த இருபதாயிரம் குறைந்த அதே தாளில், வேறு நான்கு இடங்களில் நாற்பதாயிரம் கூடியிருக்கக்கூடும். அதை யாரும் பார்ப்பதில்லை. கார் வாங்கும்போது பேரம் பேசுவது என்பது மொத்தத் தொகையிலிருந்து எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்பது அல்ல. அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் கேட்பதுதான். அதற்கு உங்கள் கையில் இருக்கும் போன் போதும்.

முதலில் டீலர் பக்க நியாயத்தையும் பார்த்துவிடுவோம். கார் விற்பதில் டீலருக்குக் கிடைக்கும் லாபம் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரியது அல்ல. காப்பீடு, கடன், உதிரி அலங்காரப் பொருட்கள், கூடுதல் வாரண்டி ஆகியவற்றில் கிடைக்கும் கமிஷன்தான் அவருக்குக் கை கொடுக்கிறது. உங்களிடம் பேசும் பிரதிநிதிக்கும் மாத இலக்கு உண்டு. ஆகவே அவர் காரின் விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மற்றவற்றில் பிடிக்கப் பார்ப்பார். அது அவருடைய வேலை, கோபப்பட வேண்டியதில்லை. எங்கே பிடிக்கிறார் என்று தெரிந்திருந்தால் போதும்.

தாளில் என்ன இருக்கும்?

ஆன்-ரோடு தாளில் இரண்டு வகை வரிகள் இருக்கும். ஒன்று, அரசு நிர்ணயித்தவை. இவற்றில் பேரம் கிடையாது. தொகை சரிதானா என்று சரிபார்க்கலாம். மற்றொன்று, டீலர் போடுபவை. இவற்றில் எல்லாமே பேசக்கூடியவை, பலவற்றை வேண்டாம் என்றே சொல்லிவிடலாம்.

எக்ஸ்-ஷோரூம் விலையில் ஜி.எஸ்.டி. ஏற்கெனவே அடங்கியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரி மாறிவிட்டது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி., டீசல் என்றால் 1,500 சி.சி. வரை எஞ்சினும் உள்ள சிறிய கார்களுக்கு 18 சதவீதம்; அதைவிடப் பெரியவற்றுக்கு 40 சதவீதம்; மின்சாரக் கார்களுக்கு முன்பு போலவே 5 சதவீதம். தனியாக இருந்த இழப்பீட்டு செஸ் போய்விட்டது. எனவே அதற்கு முன் வந்த வீடியோக்களில் சொல்லப்பட்ட விலைகளை நம்பி ஷோரூமுக்குப் போக வேண்டாம். கார் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உங்கள் ஊரைத் தேர்வு செய்து, அன்றைய எக்ஸ்-ஷோரூம் விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வாழ்நாள் வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றப்பட்ட விகிதப்படி, சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். இதோடு பதிவுக் கட்டணம் 600 ரூபாய், ஆர்.சி. ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். கடனில் வாங்கினால் அதை ஆர்.சி.யில் குறிக்க 1,500 ரூபாய். கடன் இல்லாமல் வாங்குபவர் இந்த 1,500-ஐக் கட்ட வேண்டியதே இல்லை. சாலைப் பாதுகாப்பு வரி என்று ஒரு சிறு தொகையும் உண்டு. இவ்வளவுதான் அரசுக்குப் போவது.

பத்து லட்சம் என்ற கோட்டைக் கவனித்தீர்களா? 9,95,000 ரூபாய் காருக்கு வாழ்நாள் வரி 1,29,350. அதே காரில் ஒரு படி மேலான வேரியண்ட் 10,05,000 என்றால் வரி 1,80,900. காரின் விலையில் பத்தாயிரம்தான் வித்தியாசம். வரியில் ஐம்பத்தோராயிரத்துக்கு மேல். "இன்னும் பத்தாயிரம் போட்டா டாப் மாடல் சார்" என்று சொல்லும்போது இது நினைவிருக்கட்டும். பத்து லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீதம் டி.சி.எஸ். வேறு பிடிப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். கணக்கே தாக்கல் செய்யாதவர்கள் பலர் இந்தப் பணத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கற்பனைத் தாள்

எட்டு லட்சம் எக்ஸ்-ஷோரூம் உள்ள ஒரு சிறிய பெட்ரோல் கார், கடனில் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டீலர் கொடுக்கும் தாள் இப்படி இருக்கலாம்: ஆர்.டி.ஓ. 1,16,000, காப்பீடு 46,000, எசென்ஷியல் கிட் 14,500, கூடுதல் வாரண்டி 18,000, ஹேண்ட்லிங் 9,000, ஃபாஸ்டேக் 600. மொத்தம் 10,04,100. தள்ளுபடி 20,000 போக 9,84,100.

இப்போது ஒவ்வொரு வரியாக எடுப்போம். வாழ்நாள் வரி 13 சதவீதம் என்றால் 1,04,000. மற்ற அரசுக் கட்டணங்களைச் சேர்த்தாலும் சுமார் 1,09,000-க்குள் முடிந்துவிடும். மீதி ஏழாயிரம் எதற்கு? "ஆர்.டி.ஓ. செலவு சார், ஏஜென்ட் சார்ஜ் சார்" என்பார்கள். புதிய காரை அதே மாநிலத்தில் பதிவு செய்ய விண்ணப்பிப்பது டீலரின் பொறுப்பு என்று மோட்டார் வாகனச் சட்டமே 2019 திருத்தத்தில் சொல்லிவிட்டது. பதிவு எண் பொருத்தாமல் அவர் வண்டியை உங்களிடம் ஒப்படைக்கவும் கூடாது. ஆகவே "வரியும் கட்டணமும் கட்டின ரசீதுல எவ்வளவு இருக்கோ, அவ்வளவுதான் தருவேன். ரசீதோட காப்பி வேணும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வாகன் தளத்தில் பணம் கட்டியதும் வரும் ரசீதில் வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று பிரித்தே போட்டிருக்கும்.

ஹேண்ட்லிங் அல்லது லாஜிஸ்டிக்ஸ் என்ற வரி அரசுக் கட்டணம் அல்ல. கார் ஷோரூமுக்கு வந்து சேரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலையிலேயே அடக்கம். முழுதாக நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய முதல் வரி இதுதான். உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டும் வண்டியோடு சேர்ந்தே வர வேண்டியது. அதற்குத் தனிப் பணம் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஃபாஸ்டேக் புதிய கார்களுக்குக் கட்டாயம். சில நூறு ரூபாய் விஷயம், விட்டுவிடலாம்.

எசென்ஷியல் கிட் என்பது பெயரில் மட்டும்தான் எசென்ஷியல். மிதியடி, சீட் கவர், கதவு ஓரப் பட்டை, ஒரு வாசனை டப்பா. வேண்டியதை நீங்களே வெளியில் வாங்கிக்கொள்ளலாம். "கிட் இல்லாம வண்டி குடுக்க மாட்டோம்" என்று சொன்னால், ஒரு பொருளை வாங்க இன்னொரு பொருளையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்யும் வணிக நடைமுறையாகக் கருதுகிறது என்று மெதுவாக நினைவூட்டுங்கள். பெரும்பாலும் குரல் மாறிவிடும். கூடுதல் வாரண்டி கெட்டதல்ல. ஆனால் அதை இன்றே வாங்க வேண்டிய அவசரம் இல்லை. நிறுவனத்தின் அடிப்படை வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னர் சேர்க்க முடியுமா, எந்தக் காலத்துக்குள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்பீடு வெளியில் 33,000-க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டால், தாள் இப்படி மாறும்: 8,00,000 + 1,09,000 + 33,000 + 600, அதில் தள்ளுபடி 20,000 போக 9,22,600. தள்ளுபடியில் ஒரு ரூபாய் கூடக் கூட்டிக் கேட்கவில்லை. ஆனாலும் 61,500 ரூபாய் குறைந்திருக்கிறது.

காப்பீட்டில்தான் அதிகம் போகிறது

டீலர் சொல்லும் காப்பீட்டுத் தொகை பல நேரங்களில் வெளிச்சந்தையைவிடக் கணிசமாக அதிகம். தன்னிடம்தான் எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2017-ல் கொண்டுவந்த வழிகாட்டுதல். ஆனால் ஷோரூமில் இது காதில் விழாத மாதிரி இருப்பார்கள். "வெளியில எடுத்தா கேஷ்லெஸ் கிடைக்காது சார்" என்பது வழக்கமான பதில். கேஷ்லெஸ் என்பது எந்தக் காப்பீட்டு நிறுவனம் அந்த ஒர்க்‌ஷாப்புடன் ஒப்பந்தம் வைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பாலிசியை யாரிடம் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது அல்ல. உங்கள் ஒர்க்‌ஷாப் பெயர் அந்த நிறுவனத்தின் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்று அதன் செயலியிலேயே தேடிப் பாருங்கள்.

ஒப்பிடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று ஆண்டுகளுக்கு எடுப்பது 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதன் பிரீமியம் எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான். அதில் பேரம் இல்லை. வித்தியாசம் வருவதெல்லாம் சொந்தச் சேதத்துக்கான பகுதியிலும், பம்பர்-டு-பம்பர், எஞ்சின் பாதுகாப்பு போன்ற சேர்க்கைகளிலும்தான். ஐ.டி.வி. என்ற காப்பீட்டு மதிப்பும் சேர்க்கைகளும் இரண்டு கோட்டேஷனிலும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்பிட முடியும். மதிப்பைக் குறைத்துப் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுவது எளிது. வண்டி திருடு போனால்தான் தெரியும். சென்னை மாதிரி மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் ஊரில் இருப்பவர்கள் எஞ்சின் பாதுகாப்பை விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து. சாவி தொலைந்தால், டயர் வெடித்தால் என்று நீளும் மற்ற சேர்க்கைகளை யோசித்து எடுங்கள்.

ஏற்கெனவே கார் வைத்திருந்து, க்ளெய்ம் எதுவும் செய்யாமல் ஓட்டியவரா நீங்கள்? அந்த நோ க்ளெய்ம் போனஸ் காருக்கு உரியது அல்ல, உங்களுக்கு உரியது. பழைய காரை விற்றதும் காப்பீட்டு நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கி, புதிய காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். மூன்று ஆண்டுகளுக்குள் பயன்படுத்த வேண்டும். டீலர் இதைத் தானாகக் கேட்கமாட்டார்.

வெளியில் எடுக்க சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தேவைப்படும். காப்பீடு இருந்தால்தான் பதிவு நடக்கும் என்பதால், உங்களுக்கு வண்டி ஒதுக்கியதும் எண்கள் உள்ள ப்ரோஃபார்மா இன்வாய்ஸை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வெளிக் கோட்டேஷனைக் காட்டியதும், "அதே ரேட்டுக்கு நாங்களே போட்டுத் தர்றோம் சார்" என்று டீலரே இறங்கி வருவதும் உண்டு. சேர்க்கைகள் எல்லாம் அப்படியே இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

கடன்

"வட்டி வெறும் 7 சதவீதம்தான்" என்றால், ஃப்ளாட்டா, குறையும் இருப்பா என்று அடுத்த நொடியே கேளுங்கள். 6 லட்சம் கடன், 5 ஆண்டு, 7 சதவீதம் ஃப்ளாட் என்றால் மாதத் தவணை 13,500. இது குறையும் இருப்பு முறையில் பார்த்தால் சுமார் 12.5 சதவீதம். உங்கள் வங்கி 9 சதவீதம் குறையும் இருப்பில் தந்தால் தவணை 12,455-தான். ஐந்து ஆண்டில் 62,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் முதல், கடன் தருபவர் முக்கிய விவர அறிக்கை ஒன்றைக் கொடுக்க வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம் அதில் இருக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள். ஷோரூம் போவதற்கு முன்பே சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது.

எப்போது, யாரிடம்?

ஒரே கம்பெனியின் மூன்று டீலர்களிடம் கேளுங்கள். திண்டுக்கல்லில் இருப்பவர் மதுரையிலும் திருச்சியிலும் கேட்கலாம். சர்வீஸை எந்த அங்கீகரிக்கப்பட்ட ஒர்க்‌ஷாப்பிலும் செய்துகொள்ளலாம் என்பதால் பயப்பட வேண்டாம். வெளியூரில் வாங்கினால் உங்கள் ஊர் ஆர்.டி.ஓ.விலேயே பதிந்து தருவார்களா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோரிடமும் ஒரே செய்தி: "இந்த மாடல், இந்த வேரியண்ட், இந்தக் கலர். ஒவ்வொரு தொகையும் தனித்தனியா போட்டு கோட்டேஷன் அனுப்புங்க. மொத்தம் மட்டும் சொல்ல வேண்டாம்." எழுதித் தரத் தயங்குபவரை அப்போதே விட்டுவிடலாம்.

மாதக் கடைசி, காலாண்டுக் கடைசி, ஆடி மாதம் ஆகியவை வாங்குபவருக்குச் சாதகமான நாட்கள். ஆடியில் வண்டி எடுக்க நம் ஊரில் பலர் தயங்குவதால் ஷோரூம் காற்றாடும். ஆயுத பூஜை, தீபாவளி நேரத்தில் கூட்டம் நெரியும். ஆஃபர் போர்டு பெரிதாக இருந்தாலும் பேச இடம் குறைவு. புக்கிங்கை ஆடியில் பேசி முடித்து, டெலிவரியை ஆவணியில் வைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால், டெலிவரி நாளிலும் இதே தள்ளுபடி உண்டு என்று எழுதி வாங்க வேண்டும்.

டிசம்பரில் தள்ளுபடி அதிகம். காரணம், ஜனவரி பிறந்தால் அந்த வண்டி போன வருடத்து வண்டி ஆகிவிடும். மறுவிற்பனையில் விலை குறையும். ஜனவரி, பிப்ரவரியில் வாங்கினால், உங்களுக்குத் தரப்போவது எந்த மாதம் தயாரானது என்று கட்டாயம் கேளுங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-ல் தயாரிப்பு மாதமும் வருடமும் இருக்கும். பழைய ஸ்டாக் என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. அதற்கேற்ற கூடுதல் தள்ளுபடி கேட்கலாம்.

எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்பார்கள். பழைய காரின் விலையையும் போனஸையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்ல விடாதீர்கள். வெளியில் 2,60,000 போகும் காரை 2,20,000-க்கு எடுத்துக்கொண்டு 30,000 போனஸ் தந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். கார்ப்பரேட் தள்ளுபடி, அரசு ஊழியர் சலுகை, அதே கம்பெனிக் காரை மறுபடி வாங்குவோருக்கான சலுகை என்று சில இருக்கும். உங்களுக்குப் பொருந்துமா என்று நீங்களாகவே கேட்டால்தான் வெளியே வரும்.

முன்பணம் கட்டும் முன்

பிரதிநிதியின் சொந்த யு.பி.ஐ. எண்ணுக்கு ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். "கம்பெனி அக்கவுண்ட்ல சர்வர் பிரச்னை சார், எனக்கே போடுங்க, நான் கட்டிடறேன்" என்று கேட்டால், மறுநாள் வருகிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள். டீலர் நிறுவனத்தின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் செலுத்தி, ரசீதை அங்கேயே வாங்குங்கள். அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் நிறுவனம் உங்களிடம் கேட்கப்போவது அந்த ரசீதைத்தான்.

புக்கிங் படிவத்தின் பின்பக்கத்தையும் படியுங்கள். டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும் என்று சிறிய எழுத்தில் இருக்கும். ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள், டெலிவரி எந்தத் தேதிக்குள், பேசி முடித்த தள்ளுபடி எவ்வளவு என்று நான்கு வரி எழுதி, டீலர் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். அது முடியாவிட்டால், பேசியதை எல்லாம் அன்று மாலையே டீலரின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்பி வையுங்கள்.

முழுப் பணம் கட்டும் முன் வண்டியை நேரில் பாருங்கள், பகல் வெளிச்சத்தில். சேஸிஸ் எண் இன்வாய்ஸோடு பொருந்துகிறதா, பெயிண்ட் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா, கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று பார்த்து, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பணம் முழுதாகக் கட்டிய பிறகு கேட்கும் கேள்விக்கு மரியாதை குறைவு.

பிரச்னை வந்தால், முதலில் டீலருக்கும் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் எழுத்தில் புகார். நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் பதியலாம். காப்பீட்டைக் கட்டாயப்படுத்தினால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255. அதற்கும் மேல் போக வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம். வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய், 10 முதல் 20 லட்சம் வரை 400 ரூபாய். பிரச்னை நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும்.

பழைய காரை டீலரிடம் கொடுத்துவிட்டு வருபவர்களுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. ஒப்படைத்த தேதி, நேரம் போட்ட கடிதமும், கையெழுத்திட்ட படிவம் 29, 30-ன் நகல்களும் உங்களிடம் இருக்கட்டும். ஒரு மாதம் கழித்து எம்-பரிவாகன் செயலியில் அந்த வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னும் உங்கள் பெயரே இருந்தால், அந்த வண்டிக்கு வரும் அபராதச் சலானும் உங்கள் போனுக்குத்தான் வரும். அன்றைக்கே டீலரைக் கூப்பிட்டுப் பெயர் மாற்றம் எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள்.